விரிசலை வெல்லுமா கரியமிலம் குறைந்த சிமென்ட்?

உலகம் ஆண்டுதோறும் சுமார் 400 கோடி டன் சிமென்ட் தயாரிக்கிறது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு இந்த ஒரு துறையிலிருந்து வருகிறது. சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டால் மட்டும் இது தீராது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு, சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஆக்கும்போது, கல்லுக்குள்ளேயே பிணைந்திருக்கும் கரியமில வாயு பிரிந்து வெளியேறுகிறது. துறையின் வெளியீட்டில் பாதிக்கு மேல் இதுதான். ஆகவே, கிளிங்கரைக் குறைத்தாக வேண்டும்.

மாற்று என்ன?

இரண்டு வழிகள் முன்னணியில் உள்ளன. ஒன்று, ‘எல்சி3’. கிளிங்கரில் ஏறக்குறைய பாதியைக் குறைத்து, சுமார் 800 டிகிரியில் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்ப்பது. சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களுடன் சென்னை, டெல்லி, மும்பை ஐஐடிகளும் இதை வளர்த்தெடுத்தன. கரியமில வெளியீடு 40 விழுக்காடு வரை குறையும்.

மற்றொன்று, ஜியோபாலிமர். இதில் கிளிங்கரே இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் காரக் கரைசல் இறுக்கிப் பிணைக்கிறது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகருக்கு அருகில் 2014இல் திறக்கப்பட்ட வெல்கேம்ப் விமான நிலையத்தில் சுமார் 40,000 கன மீட்டர் ஜியோபாலிமர் கான்கிரீட் பயன்பட்டது.

குறை எங்கே?

எந்தக் கான்கிரீட்டும் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் உடையும். ஜியோபாலிமரில் இந்த நொறுங்கும் தன்மை இன்னும் கூடுதல். கசடு மிகுந்த கலவை உலரும்போது அதிகம் சுருங்கி நுண்விரிசல் விடுகிறது. சாம்பல் மிகுந்த கலவையோ வெப்பம் கொடுத்துப் பதப்படுத்தாவிட்டால் மெதுவாகவே வலுப்பெறும். விரிசல் வழியே நீரும் உப்பும் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

நார் என்ன செய்கிறது?

விரிசலைத் தடுக்கக் கலவையில் நார் சேர்ப்பது, மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்த அதே அறிவுதான். விரிசல் திறக்கும்போது இழைகள் இரு கரைகளையும் பிடித்து நிறுத்துகின்றன. ஒரு பெரிய பிளவுக்குப் பதிலாக மயிரிழை போன்ற பல கீறல்களாக விசை பரவுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விக்டர் லீ 1990களில் உருவாக்கிய கலவையில், கன அளவில் 2 விழுக்காடு செயற்கை இழைதான். ஆனால் அது உடையாமல் 3 முதல் 5 விழுக்காடு வரை நீள்கிறது. சாதாரணக் கான்கிரீட் 0.01 விழுக்காட்டிலேயே விரிசல் விடும். இந்த உத்தி இப்போது ஜியோபாலிமரிலும் சோதிக்கப்படுகிறது.

பொள்ளாச்சியில் குவியும் தேங்காய் நாருக்கும் இங்கே இடம் உண்டு. சாதாரண சிமென்ட்டின் காரம் தாவர நாரை அரித்துவிடும். சுட்ட களிமண் அந்தக் காரத்துக்குக் காரணமான கால்சியம் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடுவதால், எல்சி3 போன்ற கலவையில் நாரின் ஆயுள் கூடும்.

நானோ எதற்கு?

இழைகள் விரிசலைத் தடுக்கும். அதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத துளைகளை நானோ சிலிக்கா என்ற மிக நுண்ணிய துகள்கள் அடைக்கின்றன. அதோடு நில்லாமல் வினையிலும் பங்கேற்று, பிணைக்கும் பசையைக் கூட்டுகின்றன. இதனால் சாம்பல் கலவையும் அறை வெப்பத்திலேயே விரைவாக இறுகும். இழையைச் சுற்றியுள்ள பகுதி அடர்த்தியாவதால் பிடிப்பும் வலுக்கிறது. ஆனால் பிணைப்புப் பொருளின் எடையில் 1 முதல் 3 விழுக்காடே போதும். மிகுந்தால் துகள்கள் கட்டிதட்டி, அந்த இடங்களே பலவீனப் புள்ளிகளாகும். கிராபீன் ஆக்சைடு, கார்பன் நானோகுழாய் போன்ற பிற நானோ பொருள்களைச் சீராகக் கலப்பது இன்னும் கடினம். இந்த நுண்துகள்களைச் சுவாசிக்காமல் தொழிலாளர்களைக் காப்பதும் கட்டாயம்.

கணக்கு நேராகுமா?

எஃகு இழை, காரக் கரைசல், நானோ பொருள் ஒவ்வொன்றையும் தயாரிக்கவும் எரிசக்தி செலவாகிறது. அளவின்றிச் சேர்த்தால், கிளிங்கரைக் குறைத்துப் பெற்ற லாபம் கரைந்துவிடும். மறுபக்கம், வலுவில்லாத கட்டடத்தை இருபது ஆண்டில் இடித்துக் கட்டினால் கரியமிலக் கணக்கு இரட்டிப்பாகும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் எல்சி3 வகைக்குத் தர விதி வெளியிட்டது நல்ல தொடக்கம். அடுத்து, அரசு ஒப்பந்தப் புள்ளிகள் மூட்டை விலையோடு, கட்டடம் நிற்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் எவ்வளவு கரியமிலம் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கட்டாயமானால், எந்த இழை, எந்த நானோ பொருள், எவ்வளவு என்பதற்கான பதில் ஆய்வகத்தோடு நிற்காமல் கட்டுமானத் தளத்துக்கும் வந்து சேரும்.