உங்களுக்குத் தெரியுமா? டிராக்டரின் ‘செல்ஃப்’ சொகுசுக் காரில் வந்தது!

வாழப்பாடியில் பாக்கு மூட்டை ஏற்றும் மினி வேனும், உழவு டிராக்டரும் சாவியைத் திருப்பியதுமே உறுமிக் கிளம்புகின்றன. அந்த மின்சார ‘செல்ஃப்’ ஸ்டார்ட்டரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்று நிலைநாட்டியது அமெரிக்கச் சொகுசுக் காரான காடிலாக். ஆண்டு 1912.

• அதற்கு முன் எஞ்சினை இரும்புக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். அந்த ஆபத்துக்கு முடிவு கட்டியவர், ‘செல்ஃப்’ ஸ்டார்ட்டரை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங். முதியவர்களும் பெண்களும் துணையின்றிக் கார் எடுக்க முடிந்தது பெரிய விடுதலை!

• ஒரு காரின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துமா என்று சோதிக்க, 1908-ல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸில் மூன்று காடிலாக்குகளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் மட்டுமே கொண்டு திரும்பப் பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடின. இதற்குக் காடிலாக்குக்குக் கிடைத்த விருதுதான் டீவர் கோப்பை.

• ஹென்றி ஃபோர்டு விலகிய நிறுவனத்தை 1902-ல் காடிலாக்காக மாற்றியவர் ஹென்றி லேலண்ட். 1917-ல் லிங்கனைத் தொடங்கியவரும் அவரே. 1922-ல் அந்த லிங்கனை விலைக்கு வாங்கியது ஃபோர்டு!