கண்ணில் தெரியாத காமாலை

புது தில்லி: 1955-ஆம் ஆண்டில் யமுனையில் வந்த பெருவெள்ளம் வடிந்த பிறகு, தில்லியை ஒட்டி ஓடும் ஆறு தனது போக்கைச் சற்றே மாற்றிக்கொண்டது. நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் நஜஃப்கர் கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலேதான் வஜீராபாத் குடிநீர் நிலையம் இருந்தது. எதிர்த்திசையில் ஏறிய சாக்கடை நீர், அந்த நிலையம் நீர் இறைக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதிகாரிகள் கைகட்டி நிற்கவில்லை. குடிநீரில் குளோரின் அளவைக் கூட்டினர். அதனால் டைஃபாய்டோ வயிற்றுக்கடுப்போ பெருகவில்லை. ஆனால், சில வாரங்கள் கழித்து, டிசம்பரிலும் 1956 ஜனவரியிலுமாக 29,300 பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. பாக்டீரியாக்களைக் கொல்லப் போதுமானதாக இருந்த குளோரின், வைரஸைக் கொல்லப் போதவில்லை.

அது எந்த வைரஸ் என்ற கேள்விக்கு அன்று உலகின் எந்த ஆய்வகத்திடமும் பதில் இல்லை. அசுத்த நீரால் பரவியது என்ற ஒரே காரணத்தால், இன்று ஹெபடைடிஸ்-ஏ என்று அழைக்கப்படும் தொற்றுக் காமாலையின் கணக்கிலேயே தில்லி சம்பவமும் எழுதப்பட்டது. அந்தத் தவறு திருத்தப்படக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

திருத்தியது, பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த ரத்த நீர். 1955-56-இல் தில்லி நோயாளிகளிடமிருந்தும், 1975-76-இல் ஆமதாபாதில் இதேபோன்று பரவியபோது அங்குள்ள நோயாளிகளிடமிருந்தும் எடுக்கப்பட்ட மாதிரிகள் பிற்காலத்தில் உருவான பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டன. புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தின் கோர்ஷெட் பாவ்ரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980-இல் முடிவை வெளியிட்டனர். அந்தக் காமாலை ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல. யோசித்துப் பார்த்தால், ஐயம் முன்பே எழுந்திருக்க வேண்டும். அக்கால இந்தியாவில் ஏறத்தாழ எல்லோருக்கும் குழந்தைப் பருவத்திலேயே ஹெபடைடிஸ்-ஏ வந்துபோய், ஆயுள் முழுவதற்குமான எதிர்ப்பு சக்தி ஏற்பட்டிருந்தது. பெரியவர்களைக் கூட்டம் கூட்டமாகத் தாக்கிய நோய் அதுவாக இருப்பது எப்படி?

அதே ஆண்டில் காஷ்மீரிலிருந்தும் இதே சேதி வந்தது. 1978 நவம்பரிலிருந்து 1979 ஏப்ரல் வரை பள்ளத்தாக்கில் பரவிய காமாலையை ஸ்ரீநகர் மருத்துவர் முகமது சுல்தான் குரூ ஆராய்ந்தார். 16,620 பேர் வசித்த பகுதியில் 275 பேருக்கு நோய் கண்டிருந்தது. கருவுற்ற பெண்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாக மடிந்தனர் என்பதையும் அவர் பதிவு செய்தார். 1983-இல் சோவியத் விஞ்ஞானி மிகைல் பலாயன், ஆப்கானிஸ்தானில் நோயுற்ற வீரர்களின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலைத் தாமே அருந்தி, நோயுற்று, தமது மலத்திலேயே அந்த வைரஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். 1990-இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. ஹெபடைடிஸ்-இ என்ற பெயர் அதன் பிறகே நிலைபெற்றது. மறு ஆண்டே கான்பூரில் சுமார் 79,000 பேரை அது தாக்கியது என்பது தனிக் கதை.

ஐந்து வைரஸ், ஒரே மஞ்சள்

காமாலை என்பது நோயின் பெயர் அன்று, அறிகுறி மட்டுமே. ரத்தத்தில் பிலிருபின் என்ற நிறமி வழக்கமான ஒரு மில்லிகிராம் அளவிலிருந்து இரண்டரை, மூன்றைத் தாண்டும்போது கண் மஞ்சளாகத் தெரிகிறது. ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து வைரஸ்களில் எது கல்லீரலைத் தாக்கினாலும் அந்த மஞ்சள் ஒன்றுதான். எஸ்.ஜி.பி.டி. பரிசோதனையும் கல்லீரல் செல்கள் சேதமடைந்துள்ளன என்பதைச் சொல்லுமே தவிர, சேதப்படுத்தியவர் யார் என்பதைச் சொல்லாது. மது, மருந்து, வைரஸ் என யாராகவும் இருக்கலாம்.

ஏ, இ இரண்டும் நீராலும் உணவாலும் பரவுபவை. பெரும்பாலும் சில வாரங்களில் தாமே விலகுபவை. இதனால்தான் உத்தரப் பிரதேச கிராமங்களில் "பீலியா"வுக்கு மந்திரித்து மாலை அணிவிப்பவருக்கும், தமிழகத்தில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவருக்கும் கைராசிக்காரர் என்ற பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. கீழாநெல்லி இனத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடவும் இல்லை. ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கே சென்னை ஆய்வாளர்களுடன் இணைந்து அதை ஆராய்ந்தார். 1988-இல் வெளியான நம்பிக்கையூட்டும் முடிவு, பிற்பாடு வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. வந்தது இ வகையா, பி வகையா என்பது தெரியாமல் எந்த மருந்து பலித்தது என்று சொல்வதற்கில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

பரிசோதனையைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. அதைச் சரியாகப் படிக்கவும் வேண்டும். காமாலையுடன் வந்தவரின் ரத்தத்தில் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னால், இப்போதைய நோய்க்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். ஆனால், அவர் பிறந்ததிலிருந்தே பி வைரஸைச் சுமப்பவராக இருக்கலாம். இப்போதைய மஞ்சள் சில வாரங்களுக்கு முன் குடித்த நீரில் இருந்த இ வைரஸால் வந்திருக்கலாம். புதிய தொற்றா, பழைய தொற்றா என்று பிரித்துச் சொல்ல, வைரஸின் உட்கருவுக்கு எதிராக உடலில் உருவாகும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். 2009-இல் குஜராத்தின் மோடாசா பகுதியில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதால் ஹெபடைடிஸ்-பி பரவிப் பல பத்து உயிர்கள் பறிபோயின. அத்தகைய தருணத்தில், இது ஊசியால் வந்த புதிய தொற்று என்று நிறுவ வல்லது அந்த ஒரு பரிசோதனை. அது இல்லையெனில், குற்றம் ஊர்க் குடிநீர்க் குழாயின் மீது விழுந்து ஊசி தப்பித்துவிடும்.

மஞ்சள் வராதவர்கள்

இவ்வளவும் மஞ்சள் தெரிந்தவர்களின் கதை. நாட்டின் பெரிய சிக்கல் மஞ்சளே வராதவர்களிடம் இருக்கிறது. பி, சி வைரஸ்கள் இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஓசையின்றிக் கல்லீரலில் தங்கி, அதைச் சுருக்கி, சிலருக்குப் புற்றுநோயாகவும் முடியும். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு பி வகையும், 55 லட்சம் பேருக்கு சி வகையும் இருந்தன. பி வகையினரில் தமக்கு அந்த நோய் இருப்பது கண்டறியப்பட்டவர்கள் 2.4 சதவீதம்; சி வகையினரில் 28 சதவீதம். 2030-க்குள் 90 சதவீதம் பேரைக் கண்டறிவது என்பது உலக நாடுகள் 2016-இல் ஏற்ற இலக்கு.

நடிகர் அமிதாப் பச்சன் தமது அனுபவத்தைப் பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார். 1982-இல் "கூலி" படப்பிடிப்பில் காயமடைந்தபோது சுமார் இருநூறு பேரின் ரத்தம் அவருக்கு ஏற்றப்பட்டது. அவர்களில் ஒருவரிடம் பி வைரஸ் இருந்திருக்கிறது. இடையில் மக்களவை உறுப்பினராகவும் இருந்து விலகினார். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு சாதாரண உடல் பரிசோதனையின்போதுதான், கல்லீரலில் முக்கால் பங்கு பழுதாகிவிட்டது தெரியவந்தது. நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்களை எட்டக்கூடியவரின் நிலையே இது.

ஹெபடைடிஸ்-சி விஷயத்தில் சிக்கல் வேறு விதமானது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் வைத்தால் இருபது நிமிடத்தில் விடை கிடைக்கும். ஆனால், அந்தப் பட்டை காட்டுவது வைரஸை அன்று. அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. தொற்றியவர்களில் சுமார் முப்பது சதவீதம் பேரின் உடல் ஆறு மாதங்களுக்குள் வைரஸைத் தானே விரட்டிவிடுகிறது. எதிர்ப்பொருள் மட்டும் தங்கிவிடுகிறது. எனவே வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று அதன் ஆர்.என்.ஏ.வைத் தேடும் இரண்டாவது பரிசோதனை கட்டாயம். முதல் பட்டை ஊரிலேயே கிடைத்தாலும், இரண்டாவதற்கான இயந்திரம் மாவட்டத் தலைநகரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, முடிவுக்காக மீண்டும் ஒரு முறை வர வேண்டும். உடம்பில் எந்த வலியும் இல்லாதவர் எத்தனை முறை வருவார்?

வருபவருக்குப் பலன் உண்டு. அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஆயிரம் டாலருக்கு அறிமுகமான சோஃபோஸ்புவிர், 2014-இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டதால் மலிந்தது. பன்னிரண்டு வார சிகிச்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு சி வகை முற்றிலும் நீங்குகிறது. 2016-இல் பஞ்சாப் அரசு அம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அப்போதும் வைரஸ் அளவைக் கணக்கிடும் பரிசோதனைக்கு நோயாளிகள் சலுகைக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சி கட்டுப்பாட்டுத் திட்டம் மருந்து, பரிசோதனை இரண்டையும் கட்டணமின்றி அளிக்க முன்வந்தது.

இயந்திரங்கள் இல்லை என்று இனிச் சொல்வதற்கும் இல்லை. 2020 ஜனவரியில் கொரோனாவைப் பரிசோதிக்க நாட்டில் புணே ஆய்வகம் ஒன்றே இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியது. அதே இயந்திரங்களில் பலவும், காசநோய்க்காக வாங்கப்பட்ட ட்ரூநாட் போன்றவையும், உரிய வேதிப்பொருள் பெட்டியைப் பொருத்தினால் ஹெபடைடிஸ் வைரஸ்களையும் கணக்கிட வல்லவை.

யாருடைய பொறுப்பு?

ஆய்வகங்கள் குறித்து நாடாளுமன்றத்தில் எழும் கேள்விகளுக்கு சுகாதார அமைச்சகம் அளிக்கும் பதில்கள், பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்ற வாக்கியத்துடன் தொடங்குவதை அவையைக் கவனித்து வருபவர்கள் அறிவார்கள். அரசியல் சட்டப்படி அது சரியே. அதனால்தான் மருத்துவ நிலையங்கள் பதிவு மற்றும் ஒழுங்காற்றுச் சட்டம், அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், மிஸோரம், சிக்கிம் ஆகிய நான்கு மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்று 2010-இல் நிறைவேற்றப்பட்டது. மற்ற மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம். 2012-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதை இயற்றிய நாடாளுமன்றம் அமைந்துள்ள தில்லிக்கே அது பொருந்தவில்லை. தமிழகம் 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வந்தது 2018-இல்.

பரிசோதனைப் பெட்டிகளின் தரத்தில் மத்திய அரசுக்கு நேரடி அதிகாரம் உண்டு. எச்.ஐ.வி.யுடன் ஹெபடைடிஸ் பி, சி பெட்டிகளும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளில் மிக அதிக அபாயப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன. ஆனால், நல்ல பெட்டியும் வெயிலில் கிடந்தால் கெடும். காலாவதியானால் பொய் சொல்லும். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். தரச்சான்று பெறுவதோ பெரும்பாலும் விருப்பத்தைப் பொறுத்தது. ஆய்வகப் பணியாளர்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கான சட்டம் 2021-இல்தான் நிறைவேறியது.

தவறாகப் படிக்கப்பட்ட அறிக்கையின் விலையைக் கொடுப்பவர் நோயாளி. சி வகையிலிருந்து குணமானவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஆயுள் முழுவதும் இருக்கும். வேலைக்கான உடல் தகுதித் தேர்விலோ, அறுவைச் சிகிச்சைக்கு முன்போ பட்டையில் கோடு விழுந்துவிட்டால், தாம் குணமானவர் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபடுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஹெபடைடிஸ் நோயாளிகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. ரத்தத்தால் பரவுவதில் இரண்டும் ஒன்றே எனும்போது, இந்த வேறுபாட்டுக்கு என்ன நியாயம் என்று அவையில் யாரேனும் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது தாயிடமிருந்து சேய்க்குப் பரவும் பி வைரஸ். பிறப்பின்போது தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். 2011 முதல் நாடு முழுவதும் தடுப்பூசித் திட்டத்தில் அது உள்ளது. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால், குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போட வேண்டும். தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால், பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே அவருக்கு டெனோஃபோவிர் மாத்திரை தொடங்க வேண்டும். இதற்கெல்லாம் கர்ப்பிணிக்கு முன்கூட்டியே பரிசோதனை நடந்திருக்க வேண்டும். அதன் முடிவு, பிரசவம் எந்த மருத்துவமனையில் நடக்கிறதோ அந்த அறைக்குத் தாயுடன் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.