அரிப்புக்கெல்லாம் பூச்சி மாத்திரையா?

“அண்ணாச்சி, புள்ள கன்னத்துல வெள்ளை வெள்ளையா விழுது. வயித்துல பூச்சிதான். ஒரு மாத்திரை தாங்க.” திரேஸ்புரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு இது அன்றாடக் கேள்வி.

கன்னத்தில் வெளிறி, லேசாகச் செதில் உதிரும் திட்டுக்குக் குடல்புழு காரணமல்ல. வறண்ட தோல், கரப்பான் வரும் உடல்வாகு இவைதான் பெரும்பாலும் பின்னணி. ஈரம் காக்கும் களிம்பைத் தடவி, உச்சி வெயிலில் அலையவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சில மாதங்களில் தானாக மறையும்.

அதற்காகப் புழுவுக்கும் அரிப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலில் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து நுழையும்போதே அந்த இடத்தில் கொப்புளமும் அரிப்பும் கிளம்பும். புழு நுழைந்தால் உடம்பு ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏராளமாகச் சுரக்கிறது. அதன் தூண்டுதலில் சில செல்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, தோல் தடிக்கிறது. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு உடம்பெல்லாம் தடிப்பதும் இதே வழியில்தான்.

இதற்கு முத்தையே உதாரணமாகச் சொல்லலாம். 1902-இல் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளை ஆராயத் தொடங்கிய ஹெர்ட்மனும் ஹார்னெலும், நாடாப்புழுவின் இளம்புழுவைச் சுற்றித்தான் முத்து விளைகிறது என்றார்கள். முத்தைக் கட்டுவது சிப்பியின் மேலுறைத் திசு என்பது பிறகு தெளிவானது. 1973-இல் நம் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அந்தத் திசுத்துண்டையும் ஒரு மணியையும் சிப்பிக்குள் வைத்தே முத்து வளர்த்தார்கள். ஒவ்வாமையும் அப்படித்தான். தூண்டுவது புழுவோ இறாலோ, தடிப்பை எழுப்புவது நம் உடம்பு.

நெடுநாள் குடியிருக்கும் புழுவோ அந்த எழுச்சியையே அடக்கப் பார்க்கிறது. உடம்பு முழு வேகத்தில் எதிர்த்தால் அதற்குப் பிழைப்பில்லை. ஆப்பிரிக்காவின் காபோனில் ரத்தப்புழு தொற்றிய பிள்ளைகளின் தோல், தூசி உண்ணிச் சோதனைக்குக் குறைவாகவே தடித்தது என்று 2000-இல் ஓர் ஆய்வு காட்டியது. உகாண்டாவின் என்டெபேயில் கர்ப்ப காலத்தில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் கரப்பான் அதிகம் வந்ததாக 2011-இல் முடிவு வெளியானது.

அப்படியானால் புழு இருப்பதே நல்லதா? விக்டோரியா ஏரித் தீவுகளின் 26 மீனவக் கிராமங்களில் மூன்று ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். பாதி ஊர்களுக்கு வழக்கமான புழு மருந்து, பாதி ஊர்களுக்குக் கூடுதல் மருந்து. கூடுதலாகக் கொடுத்த ஊர்களில் புழு குறைந்தது, ஒவ்வாமை கூடவில்லை. புழுவால் வரும் ரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் கண்கூடு. ஆகவே பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுங்கள். ஆனால் அதைக் கரப்பானுக்கு மருந்தாக நினைக்க வேண்டாம்.

வாரக்கணக்கில் தடிப்பு விடாமல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். மலப் பரிசோதனையும் ரத்தத்தில் ஈசினோபில் அளவும் தேவையா என்பதை அவர் சொல்வார்.

அரிப்பு உடனே அடங்க ஸ்டீராய்டு மாத்திரை கேட்டு வருபவர்களிடம்தான் நான் கறார். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு, தொந்தரவே காட்டாமல் பல வருடம் குடலில் இருக்கும். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைத் தணித்தால் அது பெருகி நுரையீரல் வரை பரவி உயிரையே எடுத்துவிடக்கூடும். சொந்தக்காரரே கேட்டாலும் சீட்டில்லாமல் அந்த மாத்திரை என் கடையில் கிடையாது.