எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்

எண்ணெய் கெட்டியாக இருந்தால் எஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்பது மோட்டார் வண்டி வைத்திருப்போர் பலரிடையே வேரூன்றிவிட்ட கருத்து. குழம்புபோன்ற எண்ணெய் இரும்பைப் பற்றிக்கொண்டு நிற்கும், தண்ணீர்போல் ஓடும் எண்ணெய் வழிந்து போய்விடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். புதிய வண்டியின் கையேட்டில் நீர்த்த எண்ணெயைக் குறித்திருக்கக் கண்டால் ஐயுறுகிறார்கள். இக்கருத்து முற்றிலும் பொய்யன்று. ஒரு காலத்து எஞ்சின்களுக்கு அது பொருந்தியே இருந்தது. ஆயினும், எல்லா எஞ்சின்களுக்கும் அதையே விதியாகக் கொண்டால் வீண் செலவு நேரும். சில வேளை எஞ்சினே பழுதாகும். ஆகவே, எண்ணெய் எஞ்சினுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பீச்சம் டவர் என்னும் பொறியாளர், இரயில் வண்டி அச்சுகளின் உராய்வைப் பற்றித் தாம் நடத்திய சோதனைகளை வெளியிட்டார். சுழலும் அச்சின் மேல் அமர்ந்த தாங்கியில், அதாவது பேரிங்கில், எண்ணெய் விடுவதற்காக அவர் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழன்றபோது அத்துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. துளையை அடைப்பான் கொண்டு மூடினார்; அடைப்பானையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் மீது சுமத்தியிருந்த பளுவின் சராசரி அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலான அழுத்தம் எண்ணெயில் இருக்கக் கண்டார். சுழலும் அச்சுத் தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று, குறுகிய இடைவெளியில் ஆப்புப்போல் செருகுகிறது. அந்த எண்ணெய்ப் படலமே பளு முழுவதையும் தாங்குகிறது. 1886-ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் என்னும் அறிஞர் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இப்படலத்தின் கனம் மூன்றைப் பொறுத்தது: சுழலும் வேகம், சுமத்தப்பட்ட பளு, எண்ணெயின் பாகுத்தன்மை. எண்ணெய் கெட்டியானால் படலமும் தடிக்கும் என்பது உண்மையே. ஆனால், அதற்கு விலை உண்டு. கெட்டி எண்ணெயைக் கலக்கிச் சுழற்ற எஞ்சின் கூடுதல் சக்தியைச் செலவிட வேண்டும். அச்சக்தி வெப்பமாக மாறும். மேலும், கெட்டி எண்ணெய் குறுகிய வழிகளில் மெதுவாகவே செல்லும். எண்ணெயின் கடமை படலமாக நிற்பது மட்டுமன்று. ஓடி வந்து வெப்பத்தை வாங்கிச் செல்வதும் அதன் கடமையே.

எஞ்சினுக்குள் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே விடப்படும் இடைவெளி மிகச் சிறியது. தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டுக்கு 0.05 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமயிரின் கனம். இவ்விடைவெளிக்கும், எண்ணெய்ப் பம்பின் ஆற்றலுக்கும், எண்ணெய் செல்லும் வழிகளின் அளவுக்கும் ஏற்பவே எஞ்சினை அமைப்போர் எண்ணெயைத் தேர்கின்றனர்.

எண்ணெய்ப் புட்டியின் மேல் உள்ள எண்களைப் பார்ப்போம். அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911-ஆம் ஆண்டில் முதன்முதலாக எண்ணெய்களை வகைப்படுத்தியது. அதன் வழிவந்ததே 20டபிள்யூ-50, 0டபிள்யூ-20 போன்ற இன்றைய குறியீடு. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முதலெண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். பின்னெண், நூறு டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அதன் பாகுத்தன்மையைக் காட்டும். பூஜ்யம் என்ற எண்ணைக் கண்டு, எண்ணெயில் சாரமே இல்லை என்று அஞ்ச வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். 'நம் நாடோ வெப்பம் மிகுந்தது. இங்கே கெட்டி எண்ணெய்தானே ஏற்றது?' என்று சிலர் கேட்பர். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை, 'தெர்மோஸ்டாட்' என்னும் கருவி பெரும்பாலும் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறது. வண்டி வேலூரில் ஓடினாலும் உதகையில் ஓடினாலும், சூடேறிய எஞ்சினின் உள்நிலையில் அவ்வளவாக வேறுபாடு இல்லை. புறப்படும் கணத்திலோ, சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் எண்ணெய்கூட 40 டிகிரி அளவில்தான் இருக்கும். எஞ்சினுக்கு அதுவும் குளிர்நிலையே. அந்நிலையில் 20டபிள்யூ-50 எண்ணெய், 0டபிள்யூ-20 எண்ணெயைவிடப் பன்மடங்கு கெட்டியாக இருக்கும். எண்ணெய் மேற்பகுதிகளை எட்டும்வரை உலோகத்தோடு உலோகம் உராயும் வாய்ப்பு மிகுதி. ஆகவே விரைந்து ஓடும் எண்ணெய் வெப்ப நாட்டிலும் நன்மையே செய்கிறது.

இனி, பழைய எஞ்சின்களைப் பார்ப்போம். 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உத்தரபாராவில் உருவான அம்பாசடர் நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடியது. அதன் முற்கால எஞ்சின்கள் போன்றவை கெட்டி எண்ணெயை எண்ணியே அமைக்கப்பட்டவை. அவற்றில் மெல்லிய எண்ணெயை இடுவது தவறு. அன்றி, எவ்வகை எஞ்சினாயினும் பல்லாண்டு ஓடித் தேய்ந்தபின் இடைவெளிகள் அகலும். எண்ணெய் அழுத்தம் தாழும். பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய் எரிந்து நீலப்புகை எழும். அந்நிலையில், கையேடு இடந்தரும் அளவில் ஒரு படி கெட்டியான எண்ணெய் சிறிது பயன் தரும். புகையும் ஓசையும் குறையலாம். ஆனால் அது கால் நொந்தவனுக்கு ஊன்றுகோல் போன்றதே. தேய்ந்த வளையம் எண்ணெயால் மீண்டும் வளராது. பழைய வண்டி வாங்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். விற்பனைக்கு முன் கெட்டி எண்ணெயை ஊற்றி ஓசையை மறைப்பதும் உண்டு.

புதிய எஞ்சின்களில் நிலைமை வேறு. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு, பலவற்றில் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. எண்ணெய் மெதுவாக வந்தால் அவ்வியக்கமும் பிந்தும். டர்போ பொருத்திய வண்டியில், அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடும். அதற்கு உடனே எண்ணெய் எட்ட வேண்டும். அழுத்தமானி உயர்ந்து நிற்பதைக் கண்டு மகிழ்வதும் பிழை. எண்ணெய் தடைப்படும்போதும் அழுத்தம் உயரும். அது அளவு கடந்தால் காப்பு வால்வு திறந்து, பம்பு தள்ளிய எண்ணெயில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

மெல்லிய எண்ணெயை ஆலைகள் விரும்புவதற்கு எரிபொருள் சிக்கனமும் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டுவதில்லை. கெட்டி எண்ணெயை ஆலையே விதித்த நிகழ்ச்சியும் உண்டு. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 2021 முதல் 2024 வரையிலான தன் மாதிரிகள் சிலவற்றின் 6.2 லிட்டர் எஞ்சின்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. அவற்றின் தண்டுகளில் உற்பத்திக் குறை இருக்கலாம் என்று கண்டதே காரணம். சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு 0டபிள்யூ-20 எண்ணெய்க்குப் பதிலாக 0டபிள்யூ-40 விதிக்கப்பட்டது. முதலெண் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குளிரில் ஓடும் தன்மையை விட்டுக்கொடுக்கவில்லை. நோயை ஆராய்ந்தபின் அமைத்தவரே தந்த மருந்து அது. அண்டை வீட்டார் தம் வண்டிக்கு இட்டதைக் கண்டு நாமும் இடுவது மருந்தாகாது.

ஆகவே, வண்டி வைத்திருப்போர் கையேட்டைப் பாருங்கள். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணெய்களுக்கு இடமிருந்தால், வண்டியின் வயதையும் சுமையையும் எண்ணி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெயின் அளவை அடிக்கடி சோதியுங்கள். குறித்த காலத்தில் மாற்றுங்கள். திடீரென அழுத்தம் தாழ்ந்தாலோ நீலப்புகை எழுந்தாலோ, கெட்டி எண்ணெயை நாடுமுன் காரணத்தை நாடுங்கள். உள்ள குறையை எண்ணெயால் மூடிவைத்தால், சிறு செலவில் தீர வேண்டியது நாளை பெருஞ்செலவாய் வந்து நிற்கும்.