உஷார்! ‘தலை ஸ்கேன் நார்மல்’ என்று மடித்து வைத்துவிடாதீர்கள்

அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அந்தச் சாலையில் பைக் ஓட்டும் உங்களுக்கு எதிரே வருவது தெரிகிறது, பக்கவாட்டில் வருவது தெரியவில்லை என்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள். நிலைப்படியில் தோள் அடிக்கடி இடிப்பது, விடாத தலைவலி, மோதிரமும் செருப்பும் இறுகிப்போவது, கர்ப்பமாகாமலே மாதவிலக்கு நின்று பால் சுரப்பது என எல்லாவற்றுக்கும் கண்புரை, வயசு, பலவீனம் என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சுரப்பிக்கு மேலேதான் பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கின்றன. கட்டி அங்கே அழுத்தினால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வைதான் முதலில் போகும்.

தலைவலி என்று போனால் முதலில் சாதாரண சி.டி. எடுப்பார்கள். ‘நார்மல்’ என்று எழுதி வந்ததும் ஃபிலிமை மஞ்சள் பையில் போட்டு பீரோ மேல் வைத்துவிடுகிறோம். பயமே இங்கேதான்! சின்னக் கட்டி அந்த சி.டி.யில் சிக்காமல் போகலாம். வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ.யில்கூடப் படங்கள் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும். அதைவிடச் சிறிய கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். பிட்யூட்டரிக்கென்றே மெல்லிய அடுக்குகளாக, மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறு. சந்தேகம் தீரவில்லை என்றால் அது தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர், உடம்பில் உலோகம் இருந்தால் ஸ்கேன் அறை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டி உறுதியாகிவிட்டதா? உடனே கத்திக்கு ஓடாதீர்கள். புரோலாக்டின் அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த ஹார்மோனைச் சுரக்கும் கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். தைராய்டு குறைபாட்டை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் பிட்யூட்டரி வீங்கி, படத்தில் கட்டி மாதிரியே தெரியும்; தைராய்டு மாத்திரை போட்டால் அது வடியும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் படத்தை மட்டும் பார்த்துத் தேதி குறித்தால் தேவையே இல்லாத ஆபரேஷனில் போய் முடியலாம்.

ஆபரேஷன்தான் வழி என்றால் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, ஸ்பீனாய்டு என்ற எலும்பு அறையைத் திறந்து கட்டியை எடுக்கிறார்கள். அந்த அறையின் இரு ஓரங்களிலும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. அறைக்குள்ளே இருக்கும் மெல்லிய எலும்புத் தடுப்பு எல்லோருக்கும் நட்டநடுவில் நேராக இருப்பதில்லை. சிலருக்கு அது வளைந்துபோய்த் தமனியை மூடிய எலும்பிலேயே ஒட்டியிருக்கும். தெரியாமல் முறுக்கி உடைத்தால் தமனி கிழியலாம், உயிருக்கே ஆபத்து. கட்டி பார்வை நரம்பைத் தொடுகிறதா, தமனியைச் சுற்றிக்கொண்டதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும், இந்த எலும்பின் போக்கைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. இரண்டும் சர்ஜனுக்கு வேண்டும். கட்டி என்று நினைத்தது தமனியின் வீக்கமாகவும் இருக்கக்கூடும். அந்தச் சந்தேகம் வந்தால் ஆஞ்சியோ பார்க்காமல் கை வைக்கவே கூடாது.

பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் திருச்சி, தஞ்சாவூர், வேலூர், சென்னை என்று பஸ் ஏறுகிறவர்கள் ஒற்றைத்தாள் ரிப்போர்ட்டோடு போய் நிற்கக் கூடாது. எல்லா அடுக்குப் படங்களும் பதிந்த குறுந்தகட்டை ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள். ஊரிலேயே கம்ப்யூட்டரில் போட்டு, அது திறக்கிறதா, உங்கள் பெயர்தானா, தேதி சரியா என்று பாருங்கள். ஆறேழு மாதத்துக்கு முந்தைய படமென்றால் கட்டி அதற்குள் வளர்ந்திருக்கலாம். புதிதாக எடுக்க வேண்டுமா என்று சர்ஜனிடமே கேளுங்கள். அதற்காகப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வளர்ந்த வேகத்தை அதை வைத்துத்தான் கணிப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த ஸ்கேனுக்குக் காப்பீடு கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி காப்பீட்டுப் பிரிவில் பணம் கட்டுமுன் விசாரியுங்கள்.

இன்னொன்று, இதில் தாமதிக்க நேரமே கிடையாது: கட்டிக்குள் திடீரென்று ரத்தம் கசிந்தால் மண்டை பிளக்கும் தலைவலி, வாந்தி, இமை தொங்கல், இரட்டைப் பார்வை அல்லது பார்வை மங்கல் வரும். கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்து ரத்த அழுத்தமும் சரியலாம். ஒற்றைத் தலைவலி என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, பிட்யூட்டரி கட்டி இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, அந்தக் குறுந்தகட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.