சார்பியல் கணக்குகள்: எந்தக் கடிகாரம், யாருடைய அளவுகோல்?

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குச் சிறப்புச் சார்பியல் கோட்பாடு என்றாலே ஒரு தயக்கம். 1905-ல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட இந்தக் கோட்பாடு மேதைகளுக்கு மட்டுமே புரியும் என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் ஆரம்பக் கணக்குகளுக்குத் தேவைப்படுவது வர்க்கமும் வர்க்கமூலமும் மட்டுமே. பிள்ளைகள் தடுமாறுவது கணிதத்தில் அல்ல. எந்த எண் யாருடைய அளவீடு என்பதைப் பிரித்தறிவதில்தான்.

அடிப்படை என்ன?

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். சீரான வேகத்தில் செல்லும் எவர் அளந்தாலும் இது மாறாது. இதை ஏற்றுக்கொண்டால் இரண்டு விளைவுகள் வருகின்றன. நம்மைக் கடந்து ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கும்; இது கால நீட்சி. நம்மைக் கடந்து ஓடும் பொருள், அது ஓடும் திசையில் குறுகும்; இது நீளக் குறுக்கம்.

எத்தனை மடங்கு என்பதைக் காமா என்ற எண் சொல்லும். பொருளின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து, விடையை வர்க்கப்படுத்தி, 1-லிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பிறகு 1-ஐ அதனால் வகுத்தால் காமா கிடைக்கும். ஒளிவேகத்தில் 0.6 பங்கு என்றால் காமா 1.25. 0.8 பங்கு என்றால் ஏறத்தாழ 1.67. 0.995 பங்கு என்றால் 10. விமானத்தின் வேகத்தில் இது 1-ஐ விட்டு விலகுவது மிக மிகச் சொற்பம். அதனால்தான் அன்றாட வாழ்வில் நாம் இதை உணர்வதில்லை.

மலையிலிருந்து இறங்கிய துகள்கள்

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது மியூவான் எனும் துகள்கள் உருவாகின்றன. இவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. 1963-ல் வெளியான ஓர் ஆய்வில் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இரு அமெரிக்க இயற்பியலாளர்கள் இவற்றை எண்ணினார்கள். சுமார் 1,900 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலை உச்சியில் மணிக்குச் சுமார் 560 மியூவான்கள் பதிவாயின. அவற்றின் வேகம் ஒளிவேகத்தில் ஏறத்தாழ 0.995 பங்கு. கடல்மட்டத்துக்கு அருகில் எத்தனை பதிவாகும்?

தரையில் நிற்கும் நம் கடிகாரப்படி 1,900 மீட்டர் இறங்க 6.4 மைக்ரோ விநாடி ஆகும். இது சராசரி ஆயுளைப் போல ஏறத்தாழ 3 மடங்கு. பழைய கணக்குப்படி 100-க்கு 5 அல்லது 6 மட்டுமே மிஞ்ச வேண்டும். அதாவது 560-ல் முப்பது சொச்சம்.

மியூவானின் கடிகாரமோ 10 மடங்கு மெதுவாக நடக்கிறது. அதற்குக் கழிந்தது 0.64 மைக்ரோ விநாடிதான். இந்தக் கணக்குப்படி 100-க்குச் சுமார் 75 மிஞ்ச வேண்டும். உண்மையில் கீழே பதிவானவை மணிக்கு 400-க்கும் மேல்! காற்றில் மியூவான்களின் வேகம் சற்றுக் குறைவதால் சிறு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் முப்பதா, நானூறா என்ற கேள்விக்கு விடை தெளிவு.

இனி மியூவானின் பக்கம் நின்று பார்ப்போம். அதற்குத் தன் கடிகாரம் சரியாகவே ஓடுகிறது. மலைதான் அதை நோக்கி விரைந்து வருகிறது. எனவே மலையின் உயரம் 10 மடங்கு குறுகி 190 மீட்டர் ஆகிறது. அதைக் கடக்க ஆகும் நேரம் அதே 0.64 மைக்ரோ விநாடி. இரு பக்கமும் ஒரே விடை.

கணக்கைத் தொடும் முன் மூன்று கேள்விகள்

1. தொடக்கமும் முடிவும் எந்த நிகழ்வுகள்? இங்கே, உச்சியைக் கடப்பதும் தரையைத் தொடுவதும்.

2. இரண்டு நிகழ்வுகளிலும் உடனிருந்த ஒரே கடிகாரம் எது? இங்கே மியூவானுடையது. அது காட்டும் நேரமே மிகக் குறைவானது. மற்றவர் அளக்கும் நேரம் அதைக் காமாவால் பெருக்கினால் வரும்.

3. அளக்கப்படும் நீளம் யாருக்கு அசையாமல் நிற்கிறது? மலை நமக்கு அசையாமல் நிற்கிறது; நாம் அளப்பதே மிக அதிகமான நீளம். மற்றவருக்கு அதைக் காமாவால் வகுக்க வேண்டும்.

ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு கால நீட்சி, நீளக் குறுக்கம் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. தேர்வில் மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான்.

நீங்களே செய்து பாருங்கள்

8 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீனுக்கு ஒரு கலம் ஒளிவேகத்தில் 0.8 பங்கு வேகத்தில் செல்கிறது. பூமியின் கடிகாரத்தில் 10 ஆண்டுகள். கலத்தில் இருப்பவருக்கு எத்தனை ஆண்டுகள்?

10-ஐ 1.67-ஆல் வகுத்தால் 6. கலத்தின் பக்கம் நின்றால் தொலைவு 4.8 ஒளியாண்டு, அதை 0.8-ஆல் வகுத்தாலும் 6. இந்த 6-ஐ மறுபடியும் 1.67-ஆல் வகுத்து 3.6 என்று எழுதினால், ஒரே விளைவை இருமுறை எண்ணிவிட்டோம் என்று பொருள்.

பிள்ளைகள் வீட்டில் இந்தப் பாடத்தைப் படிக்கும்போது, "இது யாருடைய கடிகாரம்?" என்று கேளுங்கள். சூத்திரம் தெரியாத பெற்றோரும் கேட்கலாம். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு மீதி வெறும் வகுத்தலும் பெருக்கலும்தான்.