நெல்லுச்சோறும் சுகரும்

கோவில்பட்டிப் பக்கம் கல்யாணப் பந்தியில் சுகர் உள்ளவரை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். கேசரி வரும்போது இலையைக் கையால் மறைப்பார். பரிமாறுகிறவர் விடமாட்டார். “ஒரு நாளைக்குத்தான அண்ணாச்சி, ராத்திரி ஒரு மாத்திரைய கூடப் போட்டுக்கிடுங்க” என்பார். பக்கத்து இலைக்காரர்கள் சிரிப்பார்கள். கை விலகிவிடும்.

எதைத் தின்னக்கூடாது என்பது தெரியாமல் யாரும் இங்கே தின்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் அக்காக்களைக் கேட்டாலும் கடகடவென ஒப்பிப்பார்கள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். இத்தனை பேரையும் விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா?

சிக்கல் மனசில் இருக்கிறது. கரிசலில் அது சோற்றோடு பின்னிக் கிடக்கிறது. இடைசெவல் கி.ராஜநாராயணன் எழுதிய மானாவாரிச் சம்சாரிகளின் அன்றாடச் சாப்பாடு கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான். நெல்லுச்சோறு நல்ல நாள் பெரிய நாளுக்கு. பிள்ளைகள் படித்துச் சம்பளம் வாங்கி, ரேஷன் அரிசியும் வந்த பிறகுதான் அது தினசரித் தட்டுக்கு வந்தது. 2011-லிருந்து அந்த அரிசி இலவசம். அப்படி வந்து சேர்ந்த சோற்றைக் குறைத்துக் கம்புக்குப் போகச் சொன்னால், அறுபதைத் தாண்டிய சம்சாரிக்குப் பழைய இல்லாமைக்கே திரும்பச் சொல்வதுபோல் கேட்கிறது. சென்னையில் சிறுதானியம் நாகரிகம். இங்கே அது பஞ்சத்தின் ஞாபகம். (கம்பானாலும் அளவு முக்கியம். நைசாக அரைத்த மாவில் களி கிண்டி மூன்று உருண்டை உள்ளே தள்ளினால் சுகர் ஏறத்தான் செய்யும்.)

இன்னொன்று, பத்தியம் நமக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்றவளும் அம்மை கண்டவரும் வாயைக் கட்டித்தான் இருந்தார்கள். அதற்கெல்லாம் முடிகிற நாள் உண்டு. சுகருக்கு அது கிடையாது. முடிவில்லாத பத்தியத்தில் மனசு ஒரு நாள் முரண்டு பிடிக்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெருமைதான், ஆனால் வெல்லப்பாகும் சர்க்கரைதான். ஒரு துண்டு வாயில் போட்டதும், ‘முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு’ என்று பாக்கெட்டே காலியாகிறது. கனடாவின் பாலிவி, ஹெர்மன் என்ற உளவியலாளர்கள் இந்தப் புத்தியைத்தான் வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். உண்மையில் ஒரு துண்டோடு எதுவும் கெட்டுப்போவதில்லை. அடுத்த வேளையைச் சரியாகச் சாப்பிட்டால் போதும்.

அப்புறம் திட்டுக்குப் பயம். டாக்டரிடம் போக ரெண்டு நாள் இருக்கும்போது வாயைக் கட்டி, வெறும் வயிற்று ரத்தத்தில் நல்ல பெயர் வாங்கிவிடலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அதற்கு மசியாது. “ஏன் ஏறுச்சு?” என்று அதட்டுகிற டாக்டருக்குப் பொய்தான் பதிலாகக் கிடைக்கும். “எது கஷ்டமா இருக்கு?” என்று கேட்டால் உண்மை வரும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுகர் உள்ளவருக்கென்று தனிச்சட்டி வைத்து அவரை ஒதுக்காதீர்கள். சமைக்கிற அம்மாவுக்கே சுகர் என்றால், தனக்கென்று அவர் ஒருபோதும் தனியாக உலை வைக்கமாட்டார். மிஞ்சிய சோற்றைத்தான் சாப்பிடுவார். சோற்றைக் குறைத்து, நம் காட்டில் விளையும் பாசிப்பயறோடு கீரையும் காயும் கூட்டி, வீடு முழுக்க அதையே சாப்பிடுங்கள்.